4.5-ஆ, 5.5-ஆ? ஏர் ரைபிள் இலக்குச் சுடுதல் பற்றி டர்பனில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டோங்காட் பக்கத்துப் பிள்ளைகளின் ஏர் ரைபிள் பயிற்சியில் உதவி வருகிறேன். பெற்றோரும் தாத்தா பாட்டிகளும், தமிழ்நாட்டிலிருந்து வேலைக்காக இங்கு வந்து குடியேறிய நண்பர்களும் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. அவற்றை அவர்கள் கேட்ட விதத்திலேயே தொகுத்திருக்கிறேன். எளிய கேள்விகள் முதலில் வருகின்றன, சிக்கலானவை பின்னால். ஒரு இடத்தில் சொன்னதை மறுபடி சொல்லாமல் கேள்வி எண்ணைக் குறிப்பிட்டிருக்கிறேன்.

1. ஏர் ரைபிள் என்பது நிஜத் துப்பாக்கியா, விளையாட்டுச் சாமானா?

இதில் வெடிமருந்து கிடையாது. அழுத்தப்பட்ட காற்றுதான் பெல்லட் எனப்படும் சிறு ஈயக் குண்டைக் குழலிலிருந்து தள்ளுகிறது. அதற்காக விளையாட்டுச் சாமான் என்று நினைத்துவிடக் கூடாது. பத்து மீட்டர் போட்டி ரைபிளின் பெல்லட்டே வினாடிக்கு ஏறத்தாழ 170 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது. ஒரு கண்ணைப் பறிக்க அதுவே போதும்.

குழல் வாய் எப்போதும் இலக்கின் பக்கமே இருக்க வேண்டும். குறி பார்த்து முடிக்கும் வரை விரல் ட்ரிகருக்கு வெளியே இருக்க வேண்டும். சுடாத நேரத்தில் குழலுக்குள் நிறக்கயிறு கோத்திருக்க வேண்டும். அந்தக் கயிறு வெளியே தெரிந்தால் உள்ளே பெல்லட் இல்லை என்பது தூரத்தில் நிற்பவருக்கும் புரியும். இதை மீறும் பிள்ளைக்கு அன்றைய பயிற்சி அத்தோடு முடிந்தது. பெற்றோர் எவ்வளவு கேட்டுக்கொண்டாலும் இதில் நான் இளகுவதில்லை.

2. காலிபர் என்றால் என்ன? கடையில் ஒருவர் 4.5 என்கிறார், இன்னொருவர் 177 என்கிறார்.

காலிபர் என்பது குழலின் உள்விட்டம். அதற்கேற்ற அளவில்தான் பெல்லட் செய்யப்படுகிறது. 4.5 மி.மீ. என்பதும் 177 என்பதும் ஒன்றுதான். இரண்டாவது, அங்குலத்தில் ஆயிரத்தில் 177 பங்கு என்பதன் சுருக்கம். அதேபோல 5.5 மி.மீ. என்பது 22, 6.35 மி.மீ. என்பது 25. இவற்றுக்கு நடுவே 5 மி.மீ. அளவும் உண்டு, ஆனால் அதற்குப் பெல்லட் கிடைப்பது அரிது.

4.5 பெல்லட்டை 5.5 குழலில் போட்டால் காற்று பக்கவாட்டில் கசிந்து பெல்லட் தள்ளாடி விழும். பெரியதைச் சிறிய குழலில் திணிக்கவே கூடாது. குழலின் மேலோ காற்று அறையின் மேலோ அளவு பொறிக்கப்பட்டிருக்கும், அதைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

3. பையன் பள்ளியில் பத்து மீட்டர் சுடப் போகிறான். எந்த அளவு வாங்க வேண்டும்?

4.5 மி.மீ. யோசிக்கவே வேண்டாம். ஒலிம்பிக் வரை பத்து மீட்டர் போட்டி முழுவதும் இந்த ஒரே அளவில்தான் நடக்கிறது. 5.5 ரைபிளோடு போனால் சோதனை மேசையிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

என்னிடம் வரும் கேள்விகளில் பாதிக்கு மேல் "எது பலமானது?" என்பதுதான். இலக்குச் சுடுதலுக்குப் பலம் தேவையே இல்லை. காகிதத்தைத் துளைக்கும் அளவு போதும். வேண்டியதெல்லாம் ஒரு பெல்லட் போன வழியில் அடுத்ததும் போவது. கீழே வரும் பதில்கள் எல்லாமே இந்த ஒன்றைத்தான் வெவ்வேறு பக்கங்களிலிருந்து சொல்கின்றன.

4. பெரிய பெல்லட் பெரிய ஓட்டை போடும். ஓட்டை கோட்டைத் தொட்டால் புள்ளி என்றால், 5.5-இல் புள்ளி கூடுமே, அண்ணா?

நல்ல கேள்வி. கூடத்தான் செய்யும். அளவை ஒன்றாக நிர்ணயித்திருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். பத்து மீட்டர் ரைபிள் இலக்கில் பத்துப் புள்ளிக்கான இடம் வெறும் 0.5 மி.மீ. விட்டமுள்ள ஒரு பொட்டு. பெல்லட்டின் விளிம்பு அதைத் தொட்டாலே பத்து. கணக்குப் போட்டால், 4.5 பெல்லட்டின் நடுப்பகுதி இலக்கின் நடுவிலிருந்து 2.5 மி.மீ.க்குள் விழுந்தால் போதும். 5.5 என்றால் 3 மி.மீ. வரை விலகலாம். அரை மில்லிமீட்டர் சலுகை இந்த விளையாட்டில் பெரிய சலுகை.

இப்போது பெரிய போட்டிகளில் மின்னணு இலக்குகள் புள்ளியைத் தசமத்தில் கணக்கிடுகின்றன. சரியான நடு என்றால் 10.9. தகுதிச் சுற்றில் 60 தடவை சுட வேண்டும், ஆக உச்ச எண்ணிக்கை 654. அங்கே கோட்டைத் தொட்டுத் தப்பித்துக்கொள்ள வழியே கிடையாது, நடுவிலிருந்து எவ்வளவு விலகியதோ அவ்வளவு புள்ளி போகும்.

5. கனமான பெல்லட்தான் நேராகப் போகும் என்று என் மாமா சொல்கிறார். சரியா?

ஒரே சக்தியுள்ள இரண்டு ரைபிள்களை எடுத்துக்கொள்வோம், இரண்டும் 16 ஜூல். 4.5-இன் பெல்லட் ஏறத்தாழ 0.55 கிராம், அது வினாடிக்கு 240 மீட்டர் அளவில் கிளம்பும். 5.5-இன் பெல்லட் ஏறத்தாழ 1.03 கிராம், அது 176 மீட்டர் அளவில்தான் கிளம்பும். மெதுவாகப் போவது அதிக நேரம் காற்றில் இருக்கும். அதிக நேரம் இருப்பது அதிகம் கீழே இறங்கும். 40 மீட்டரில் 5.5-இன் இறக்கம் மற்றதைப் போல இரண்டு மடங்கை நெருங்கிவிடும். தூரத்தைக் கொஞ்சம் தவறாக மதிப்பிட்டாலும் குறி போய்விடும்.

மாமா சொல்வதில் உண்மையும் இருக்கிறது. கனமான பெல்லட் தன் வேகத்தை மெதுவாகத்தான் இழக்கும், தூரத்தில் வலுவாக மோதும். ஆனால் அது வேட்டைக்காரரின் கவலை. காகிதத்துக்கும் தகட்டுக்கும் 4.5-இன் தட்டையான பாதையே நல்லது. பத்து மீட்டர் போட்டி ரைபிளில் இறக்கம் 2 செ.மீ. கூட இராது, அதையும் குறிக்கருவியைத் திருகிச் சரிசெய்துவிடுகிறோம்.

6. தென்னாப்பிரிக்காவில் இதற்கு உரிமம் வேண்டுமா?

2000-ஆம் ஆண்டின் 60-ஆம் எண் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஏர் துப்பாக்கியை வரையறுத்து, உரிமம் தேவைப்படும் துப்பாக்கிகளிலிருந்து விலக்கியிருக்கிறது. வெடிமருந்து இல்லாமல் அழுத்தப்பட்ட வாயுவால் இயங்க வேண்டும். அதோடு, விட்டம் 5.6 மி.மீ.க்குக் குறைவாகவோ, சக்தி 8 ஜூலுக்குக் குறைவாகவோ இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று பொருந்தினால் போதும். 4.5-உம் 5.5-உம் விட்டத்தாலேயே விலக்குப் பெறுகின்றன. அதனால்தான் கடையில் உரிமம் கேட்காமல் விற்கிறார்கள்.

உரிமம் வேண்டாம் என்றால் சட்டமே இல்லை என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். அது ஆபத்தான எண்ணம். அதே சட்டத்தின் 120-ஆம் பிரிவு ஏர் துப்பாக்கியைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. தக்க காரணமின்றி ஒருவரை நோக்கி நீட்டுவது குற்றம், உள்ளே பெல்லட் இல்லாவிட்டாலும் குற்றம். பிறருக்கு ஆபத்து வரும்படி கையாள்வதும், கவனக்குறைவால் காயப்படுத்துவதும் குற்றம்.

7. வீட்டுப் பின்புறத்தில் பத்து மீட்டர் இடம் இருக்கிறது. அங்கேயே சுடலாமா?

மேலே சொன்ன 120-ஆம் பிரிவு, குடியிருப்புப் பகுதியிலோ பொது இடத்திலோ தக்க காரணமின்றிச் சுடுவதையும் குற்றமாக்குகிறது. ஃபீனிக்ஸிலும் சாட்ஸ்வொர்த்திலும் வீடுகள் எவ்வளவு நெருக்கம் என்று உங்களுக்கே தெரியும். மதிலுக்கு அந்தப் பக்கம் யாரோ துணி உலர்த்திக்கொண்டிருப்பார்கள். சிமென்ட் பலகை மதிலில் பட்டால் பெல்லட் திரும்பித் தெறிக்கும். ஆகவே கிளப்புக்கு வந்து சுடுங்கள்.

வீட்டில் செய்ய வேண்டியது வேறு. போட்டி ரைபிள்களில் காற்றும் பெல்லட்டும் இல்லாமல் ட்ரிகரை மட்டும் இயக்கும் வசதி இருக்கும். சுவரில் ஒரு கரும்புள்ளி ஒட்டி, நின்று, மூச்சை அடக்கி, ட்ரிகரை அழுத்திப் பழகுங்கள். முன்னணி வீரர்களின் பயிற்சியில் இதற்கு நிரந்தர இடம் உண்டு. ஸ்பிரிங் ரைபிளில் மட்டும் இதைச் செய்யாதீர்கள். எதிரே தடுக்கப் பெல்லட் இல்லாததால் பிஸ்டன் போய் மோதி உடையும்.

8. குரங்குகள் மாங்காயையும் பப்பாளியையும் விட்டுவைப்பதில்லை. விரட்டுவதற்கு 4.5 போதுமா, 5.5 வேண்டுமா?

இரண்டும் வேண்டாம். இந்தக் கேள்விக்கு நான் அளவு சொல்ல மாட்டேன். டர்பன் புறநகர்களில் உடம்பில் பெல்லட்டோடு திரியும் வெர்வெட் குரங்குகள் எத்தனையோ. பெல்லட் அதை உடனே கொல்வதில்லை. உள்ளே தங்கி, புண்ணாகி, சீழ் பிடித்து நாட்கணக்கில் வதைக்கும். அடிபடுவது வயிற்றில் குட்டியைச் சுமந்து போகும் தாயாகவும் இருக்கும். 1962-ஆம் ஆண்டின் விலங்குப் பாதுகாப்புச் சட்டம் இத்தகைய வதையைக் குற்றமாக்குகிறது, 7-ஆம் கேள்வியில் சொன்ன குற்றமும் சேர்ந்துகொள்ளும்.

அவை உணவைத் தேடித்தான் வருகின்றன. குப்பைத் தொட்டியை இறுக்கி மூடுங்கள். பழுத்ததை அன்றே பறியுங்கள். புரட்டாசி விரத நாட்களில் முற்றத்துச் சாமி மாடத்தில் வைக்கும் வாழைப்பழத்தைப் பூசை முடிந்ததும் உள்ளே எடுத்துவிடுங்கள். சமையலறைச் சன்னலுக்கு வலை அடியுங்கள். தண்ணீர்க் குழாயைத் திருப்பினாலே ஓடிப்போகும். குரங்கைச் சுடக் கற்றுக்கொடுக்கச் சொல்லி வந்தவரை நான் பயிற்சியில் சேர்த்ததில்லை, சேர்க்கவும் மாட்டேன்.

9. தாத்தா வைத்திருந்த 5.5 ரைபிள் அலமாரியில் கிடக்கிறது. அதில் பழகலாமா?

பழகலாம். 3-ஆம் கேள்வியில் சொன்ன போட்டிக்கு உதவாது, ஆனால் குறி பார்ப்பதையும் ட்ரிகர் அடக்கத்தையும் கற்க நல்ல கருவிதான். முதலில் துப்பாக்கி பழுது பார்ப்பவரிடம் காட்டுங்கள். தோல் சீல் காய்ந்திருக்கும், ஸ்பிரிங் வளைந்திருக்கும். குழலை மடக்கும்போது கொக்கி பிடிக்காமல் போனால் குழல் திடீரென்று திரும்பி வந்து விரலை நசுக்கிவிடும். அந்தச் சோதனையை முடிக்காமல் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள்.

10. கடையில் ஒரு பெட்டியில் வினாடிக்கு 1200 அடி என்று போட்டிருக்கிறது. அதுதான் சிறந்ததா?

1200 அடி என்றால் 366 மீட்டர். ஒலியின் வேகமே ஏறத்தாழ 340 மீட்டர்தான். ஒலியின் வேகத்தை நெருங்கும்போது இடுப்பு ஒடுங்கிய இந்தப் பெல்லட் நிலைகுலைந்து தள்ளாடத் தொடங்கும். பெட்டியில் போட்டிருக்கும் வேகமும் பொதுவாக மிக இலேசான, ஈயமற்ற உலோகப் பெல்லட்டை வைத்துக் காட்டிய எண். ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற ரைபிள்கள் அதில் பாதி வேகத்தில்தான் சுடுகின்றன. பெட்டியில் உள்ள எண்ணைப் பார்த்து ரைபிள் வாங்க வேண்டாம்.

11. ஸ்பிரிங், சிஓடூ, பிசிபி என்று மூன்று வகை சொல்கிறார்கள். எதை எடுப்பது?

ஸ்பிரிங் வகையில் குழலை மடக்கினால் உள்ளே ஸ்பிரிங் இறுகும். ட்ரிகரை அழுத்தினால் பிஸ்டன் பாய்ந்து காற்றை நெருக்கும். விலை குறைவு, வேறு எதுவும் தேவையில்லை. ஆனால் பெல்லட் குழலை விட்டு வெளியேறும் முன்பே ரைபிள் முன்னும் பின்னும் உதறும். ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரிப் பிடித்தால்தான் ஒரே இடத்தில் படும். இறுக்கிப் பிடிப்பவர்களுக்கு இது அடங்காது. உள்ளங்கையில் தளர்வாகக் கிடத்தி, உதறட்டும் என்று விட்டுவிட வேண்டும்.

சிஓடூ வகை கரியமில வாயுவால் இயங்குவது, வெப்பத்தைப் பொறுத்து மாறும். டர்பனின் பிப்ரவரி வெயிலில் அழுத்தம் ஏறும், குளிர்காலக் காலையில் இறங்கும். பிசிபி என்பது உருளையில் முன்னரே காற்று அடைத்து வைப்பது. உதறல் ஏறக்குறைய இல்லை, வேகம் சீராக இருக்கும். இன்றைய போட்டி ரைபிள்கள் பெரும்பாலும் இந்த வகைதான். கிளப் ரைபிளில் ஒரு பருவம் பழகி, ஆர்வம் நிலைத்த பிறகு பழைய பிசிபி ஒன்றை வாங்கச் சொல்வேன். உருளையின் மேல் பொறித்திருக்கும் காலாவதித் தேதியைப் பார்த்து வாங்குங்கள்.

12. உருளைக்கு எங்கே காற்று அடைப்பது? மருத்துவமனை ஆக்சிஜன் சிலிண்டர் ஒன்று இருக்கிறது.

ஆக்சிஜனை ஒருபோதும் அடைக்காதீர்கள். உயர் அழுத்த ஆக்சிஜனோடு துளி எண்ணெயோ கிரீஸோ சேர்ந்தால் வெடிக்கும். தூய்மையான, உலர்ந்த காற்று மட்டுமே போக வேண்டும். கடற்கரையில் இருப்பது நமக்கு வசதி. அலிவால் திட்டுக்கு ஆட்களை இறக்கும் அம்கோமாஸ் பக்கத்து டைவிங் கடைகளில் இருப்பது அதே காற்றுதான். போட்டி ரைபிள்கள் பெரும்பாலும் 200 பார் அழுத்தம் வரை தாங்கும். உங்கள் உருளையில் எழுதியிருக்கும் எண்ணைத் தாண்டக் கூடாது. மெதுவாக அடையுங்கள், அவசரமாக அடைத்தால் உருளை சூடாகி, ஆறிய பின் அழுத்தம் குறைந்து காட்டும்.

13. தட்டைத் தலை, உருண்டைத் தலை, கூர்த் தலை. எது எதற்கு?

பத்து மீட்டர் காகிதத்துக்குத் தட்டைத் தலை. பஞ்சிங் மெஷின் குத்தியது போல வட்டமாக வெட்டும், புள்ளி எண்ணுவதில் சண்டை வராது. 25 மீட்டரைத் தாண்டினால் உருண்டைத் தலைக்கு மாறுங்கள், அது காற்றைக் கிழித்துச் சீராகப் போகும். கூர்த் தலை பார்க்கக் கம்பீரமாக இருக்கும், ஆனால் அந்த முனையைச் சரியான நடுவில் வார்ப்பது கடினம், குறியும் சிதறும். இரும்பு உருண்டைகளைப் பள்ளம் வெட்டிய குழலில் போடவே வேண்டாம், பள்ளங்களைத் தேய்த்துவிடும்.

14. ஒரே கம்பெனி, ஒரே பெல்லட். ஆனால் டப்பாவில் 4.49, 4.50, 4.51 என்று எழுதியிருக்கிறது. இதெல்லாம் வித்தியாசம் காட்டுமா?

காட்டும். காலிபரைப் பற்றிக் கேட்பவர்கள் உண்மையில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். அந்த எண் பெல்லட்டின் தலை விட்டம். எல்லாக் குழல்களும் 4.5 என்றாலும் ஒவ்வொன்றும் நுணுக்கமாக மாறுபடும். ஒரு ரைபிளுக்குப் பிடித்த பெல்லட், பக்கத்தில் இருக்கும் அதே மாடல் ரைபிளுக்குப் பிடிக்காது. ஆர்டபிள்யூஎஸ் ஆர்10, எச் அண்ட் என் ஃபினாலே மேட்ச் போன்ற போட்டிப் பெல்லட்டுகள் பல தலை விட்டங்களில் வருவது இதற்காகத்தான். ரைபிளுக்கு 0.53 கிராம் எடை வழக்கம். இதைவிட இலேசானவை பெரும்பாலும் பிஸ்டலுக்காகச் செய்யப்படுபவை.

சோதிப்பது எளிது. ரைபிளை மேசையில் மணல் பையின் மேல் அசையாமல் வையுங்கள். ஒவ்வொரு வகையிலும் முதலில் ஐந்தாறு சுட்டுக் குழலைப் பழக்குங்கள், அவற்றை எண்ண வேண்டாம். பிறகு ஒரே தாளில் ஒரே புள்ளியைக் குறிவைத்துப் பத்து சுடுங்கள். ஓட்டைக் கூட்டத்தின் வெளி விளிம்பிலிருந்து எதிர் விளிம்பு வரை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். நல்ல போட்டி ரைபிளும் ஒத்துப்போகும் பெல்லட்டும் சேர்ந்தால் பத்து மீட்டரில் இது 5 முதல் 6 மி.மீ. வரை இருக்கும், அதாவது ஏறக்குறைய ஒரே ஓட்டை.

எந்த வகை பிடித்ததோ, அந்த டப்பாவின் பின்னால் உள்ள தயாரிப்புத் தொகுதி எண்ணைப் பாருங்கள். அதே எண்ணுள்ள டப்பாக்களைக் கையில் உள்ள பணத்துக்குத் தக்கபடி சேர்த்து வாங்குங்கள். 500 பெல்லட்டுள்ள டப்பா, வாரம் இரண்டு முறை சுடும் பிள்ளையிடம் ஒரு மாதம் தாங்குவதே பெரிது. பொதுவாக 5.5 பெல்லட் ஒவ்வொன்றிலும் ஈயம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு, விலையும் அதற்கேற்ப ஏறும். சேமிக்க நினைப்பவர்களுக்கும் 4.5-தான் தோது.

15. ஈயம் பிள்ளைகளுக்குக் கெடுதல் அல்லவா?

கெடுதல்தான், அதிலும் வளரும் மூளைக்கு. ஆனால் பழக்கங்கள் சரியாக இருந்தால் பயப்படத் தேவையில்லை. பெல்லட்டை வாயில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்துப் போடும் பழக்கம் சிலரிடம் உண்டு, அதைக் கண்டிப்பாக நிறுத்துங்கள். சுட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவாமல் எதையும் தின்னக் கூடாது. பயிற்சி முடிந்ததும் பிள்ளைகள் நேரே பன்னி சவ் வாங்க ஓடுகிறார்கள். ரொட்டியைப் பிய்த்துக் கையால் குழம்பில் தோய்த்துத் தின்னும் உணவு அது, கையில் இருக்கும் ஈயம் முழுவதும் வயிற்றுக்குள் போகும். இலக்குப் பெட்டியைக் காலி செய்யும்போது உலர்ந்த துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத் துணியால் துடையுங்கள். கர்ப்பிணிகள் அந்த வேலையைச் செய்ய வேண்டாம்.

16. ஒரு மாதம் எடுக்காமல் விட்டதற்கே குழலின் மேல் துரு. என்ன செய்வது?

டர்பனின் உப்புக் காற்றும் ஈரமும் இரும்பை விடாது. வியர்வைக் கையால் தொட்ட இடத்தில்தான் முதலில் துரு வரும். ஒவ்வொரு முறையும் உள்ளே வைக்கும் முன் துப்பாக்கி எண்ணெய் தோய்ந்த துணியால் வெளிப்புறத்தைத் துடையுங்கள். பஞ்சு வைத்த உறைக்குள் மாதக்கணக்கில் பூட்டி வைத்தால் அந்தப் பஞ்சே ஈரத்தைப் பிடித்து வைக்கும். பூட்டிய அலமாரியில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பைகளோடு நிறுத்தி வையுங்கள். பெல்லட் டப்பாவையும் நன்றாக மூடுங்கள். வெள்ளைப் பொடி பூத்த பெல்லட்டைக் குழலில் போடாதீர்கள், கையாலும் அளையாதீர்கள்.

17. ஜோகன்னஸ்பர்க் போட்டிக்குப் போனால் குறி மாறிவிடும் என்கிறார்கள். உண்மையா?

பத்து மீட்டருக்கு இது பெரிய விஷயம் இல்லை. தூரப் போட்டிக்குப் போகிறவர்கள் கவனிக்க வேண்டும். ஜோகன்னஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி டர்பனை விட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. பெல்லட்டுக்குத் தடை குறைவதால் 40, 50 மீட்டரில் சற்று மேலே படும்.

ஸ்பிரிங் ரைபிளில் இன்னொரு விளைவும் சேர்கிறது. பிஸ்டன் நெருக்குவது அந்த ஊர்க் காற்றைத்தான். காற்று மெலிந்திருந்தால் தள்ளும் வலுவும் குறைந்து பெல்லட் மெதுவாகக் கிளம்பும். ஒரு விளைவு மேலே தூக்குகிறது, மற்றது கீழே இறக்குகிறது. எது ஜெயிக்கும் என்பது ரைபிளையும் தூரத்தையும் பொறுத்தது. பிசிபியில் உருளைக் காற்று டர்பனில் அடைத்த அதே அழுத்தத்தில் இருப்பதால் முதல் விளைவு மட்டுமே தெரியும். போட்டிக்கு முந்தின நாளே போய், ஒவ்வொரு தூரத்துக்கும் சுட்டுப் பார்த்துப் புது அட்டவணை எழுதிக்கொள்ளுங்கள். பத்து மீட்டர் போட்டியில் தொடக்கத்தில் தரப்படும் 15 நிமிட ஆயத்த நேரமே இதற்குப் போதும்.

18. ஃபீல்டு டார்கெட் போட்டியில் அளவு நம் விருப்பம் என்கிறார்கள். அங்கேயாவது 5.5 எடுக்கலாமா?

எடுக்கலாம், விதி தடுப்பதில்லை. ஆனால் சர்வதேச அளவில் சக்தி உச்சவரம்பு 16.3 ஜூல், அது எல்லா அளவுக்கும் ஒன்றுதான். அந்த வரம்புக்குள் 5-ஆம் கேள்வியின் கணக்கு அப்படியே பொருந்தும். இலக்குகள் பத்து மீட்டருக்கு உள்ளேயிருந்து 50 மீட்டர் வரை தெரியாத தூரங்களில் இருக்கும். தூரத்தை நாமே கணிக்க வேண்டும். தகட்டில் உள்ள துளை வழியாகப் பெல்லட் உள்ளே போய்த் தட்டினால்தான் இலக்கு சாயும். சிறிய துளை 15 மி.மீ. அகலமே. அதில் ஒல்லியான பெல்லட்டுக்கு இடம் அதிகம், பாதையும் தட்டை. முன்னணியில் இருப்பவர்கள் அநேகமாக எல்லாரும் 4.5 வைத்திருப்பது இதனால்தான்.

19. 6.35 பற்றி?

இலக்குச் சுடுதலுக்கு அதில் ஒரு பயனும் இல்லை. 6-ஆம் கேள்வியின் வரையறைப்படி விட்டத்தால் விலக்குக் கிடைக்காது, 8 ஜூலைத் தாண்டினால் உரிமம் என்ற கேள்வி எழும். யாராவது விற்க வந்தால், பணம் கொடுக்கும் முன் உங்கள் வட்டாரக் காவல் நிலையத்தில் துப்பாக்கி விவகாரங்களைக் கவனிக்கும் அதிகாரியிடம் கேளுங்கள்.

20. ரைபிளில் தொலைநோக்கி மாட்டினால் பத்து மீட்டர் சுலபமாகுமே?

போட்டியில் அனுமதி இல்லை. பின்னால் சிறு துளையும் முன்னால் வளையமும் கொண்ட குறிக்கருவிதான். வளையத்துக்குள் கருவட்டத்தைச் சுற்றிச் சமமான வெள்ளை தெரிய வேண்டும், அவ்வளவே. மற்ற சுடுதலுக்கு மாட்டலாம். ஸ்பிரிங் ரைபிள் முன்னும் பின்னும் உதறும் என்று 11-இல் சொன்னேன். அந்த இருதிசை உதறல் சாதாரணத் தொலைநோக்கியை உடைத்துவிடும். ஏர் ரைபிளுக்கென்றே செய்ததாகவும், பத்து மீட்டரில் தெளிவாகத் தெரிவதாகவும் பார்த்து வாங்குங்கள்.

21. இது வெள்ளைக்காரர் விளையாட்டு என்றுதான் எங்கள் காலத்தில் இருந்தது. நம் பெண் பிள்ளைகளுக்கு இதில் இடம் உண்டா, தம்பி?

தாத்தா, உங்கள் காலம் அப்படித்தான் இருந்தது. பத்து மீட்டர் ஏர் ரைபிள் ஒலிம்பிக்கில் நுழைந்தது 1984-இல். அப்போது நிறவெறியின் காரணமாகத் தென்னாப்பிரிக்கா ஒலிம்பிக்கிலிருந்து விலக்கப்பட்டிருந்தது, 1992-இல்தான் திரும்ப முடிந்தது. சுடுதளங்களும் நமக்குத் திறந்திருக்கவில்லை. இன்று உங்கள் பேத்தி கிளப் வாசலில் யாரிடமும் அனுமதி கேட்டு நிற்க வேண்டியதில்லை.

பெண்களுக்கு முன்பு 40 சுடுதல்தான். 2018 முதல் ஆண்களைப் போலவே 60. உடல் பலம் தீர்மானிக்காத விளையாட்டு இது. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் இதே பத்து மீட்டர் ஏர் ரைபிளில் உலகக் கோப்பைத் தங்கம் வென்று, டோக்கியோ, பாரிஸ் ஒலிம்பிக்குகளில் இந்தியாவுக்காகச் சுட்டவர். அவருடைய பெயரை நம் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.

22. எல்லாம் சரியாகத்தான் செய்கிறோம், ஆனாலும் மகளின் ஓட்டைகள் தாள் முழுக்கப் பரவுகின்றன. ரைபிளை மாற்றவா, அளவை மாற்றவா?

எதையும் மாற்றும் முன், 14-இல் சொன்னபடி ரைபிளை மணல் பையில் வைத்து வேறொருவர் பத்து சுடட்டும். கூட்டம் சிறியதாக வந்தால் ரைபிளுக்கும் பெல்லட்டுக்கும் குறை இல்லை. மகளின் நிற்கும் நிலையைப் பாருங்கள். ரைபிளின் எடையைத் தோள் சுமக்கிறதா, இடுப்பெலும்பு தாங்குகிறதா? முழங்கை விலாவில் ஊன்றி இருக்கிறதா? கண்ணை மூடிப் பத்து எண்ணிவிட்டுத் திறந்தால் குறி இலக்கின் மேலேயே இருக்கிறதா, விலகிவிட்டதா? விலகியிருந்தால் கையால் இழுத்துக் கொண்டுவரக் கூடாது, பாதங்களை நகர்த்த வேண்டும். ரைபிளின் எடை 5.5 கிலோ வரை விதி அனுமதிக்கிறது என்பதற்காகப் பன்னிரண்டு வயதுப் பெண்ணிடம் அந்த எடையைக் கொடுத்திருந்தால், இலேசான ரைபிளுக்கு மாற்றுங்கள்.

மணல் பையிலும் கூட்டம் பரவினால், மலிவானதிலிருந்து தொடங்குங்கள். கட்டையையும் குழலையும் இணைக்கும் திருகுகளையும் குறிக்கருவியின் திருகுகளையும் இறுக்கிப் பாருங்கள். குழலுக்குள் கம்பளித் துண்டுகளை விட்டு ஈயப் படிவைத் துடையுங்கள், பிறகு இருபது சுட்டுவிட்டு மறுபடி அளவெடுங்கள். அதற்கும் அடங்கவில்லை என்றால் வேறு தலை விட்டத்தில் ஒரு டப்பா வாங்கிப் பாருங்கள். குழல் வாயின் விளிம்பில் எங்காவது அடிபட்ட தழும்பு இருக்கிறதா என்று பூதக்கண்ணாடியில் பார்ப்பது அடுத்த வேலை. அதில் சிறு சிதைவு இருந்தாலும் பெல்லட் கோணலாக வெளியேறும். அப்படித் தெரிந்தால் ரைபிளைச் சனிக்கிழமை காலை கிளப்புக்குக் கொண்டு வாருங்கள், சேர்ந்து பார்ப்போம்.